பத்து நாள் மாத்திரையும் வகுப்பாசிரியர் பதிவேடும்

விடுப்பு விண்ணப்பங்களில் நாம் அடிக்கடி படிக்கும் காரணங்களுள் ஒன்று 'காய்ச்சல், தொண்டை வலி'. ஐப்பசி மழை தொடங்கினால் தை முடியும் வரை என் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதே காரணத்துக்காக வராமல் இருப்பார்கள். இரண்டு நாள் கழித்து வந்து உட்கார்ந்ததும், 'சரியாப் போச்சா?' என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவோம். பெரும்பாலான தொண்டை வலிகளுக்கு அது போதும். ஒரு வகைத் தொண்டை வலிக்கு மட்டும் போதாது. அதில் தொண்டை ஆறிய பிறகும் ஆபத்து மிச்சம் இருக்கிறது. அந்த ஆபத்து இதயத்துக்கு. அது வரும் வயது 5 முதல் 15 வரை, அதாவது நம்மிடம் படிக்கும் வயது. ஆகவே இதைப் பற்றி மருத்துவருக்கு அடுத்தபடி தெரிந்திருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களே என்று நான் நினைக்கிறேன்.

எல்லாத் தொண்டை வலியும் ஒன்றல்ல

பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலிகளில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மூக்கு ஒழுகும், தும்மல் வரும், இருமல் இருக்கும், குரல் கம்மும். இதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எந்தப் பயனும் தராது. ஓய்வும் வெந்நீரும் போதும். சில நாளில் தானாகவே குணமாகும்.

பிள்ளைகளின் தொண்டை வலியில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ்' என்ற பாக்டீரியாவால் வருகிறது. இதைத்தான் மருத்துவர்கள் சுருக்கமாக 'ஸ்ட்ரெப்' தொண்டை அழற்சி என்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் மணி கோத்த மாலைபோல வரிசையாகத் தெரியும் கிருமி இது. தொற்றிய 2 முதல் 5 நாள்களுக்குள் நோய் வெளிப்படும். திடீரென்று காய்ச்சல் அடிக்கும். எச்சில் விழுங்கவே வலிக்கும். தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில்கள் சிவந்து வீங்கி, சில சமயம் வெள்ளைத் திட்டுகள் படிந்திருக்கும். தாடைக்குக் கீழே நெறி கட்டி, தொட்டால் வலிக்கும். சிறு பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்று வலி, வாந்தியும் வரலாம். சிலருக்கு உடம்பில் உப்புத்தாள்போல் சொரசொரப்பான சிவந்த தடிப்பு எழும். கவனிக்க வேண்டிய ஒன்று: பெரும்பாலும் இதில் இருமலும் சளியும் இருப்பதில்லை.

இந்த அடையாளங்கள் சந்தேகப்படுவதற்குத்தான். முடிவு செய்வதற்கு அல்ல. தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும். இன்ன நோய் என்று சொல்வதும் மருந்து தருவதும் மருத்துவரின் வேலை. காய்ச்சலோடு விழுங்க முடியாத வலி, கூடவே நெறி கட்டு என்றால், 'இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்' என்று சொல்வது நம் வேலை.

சில அடையாளங்கள் இருந்தால் காத்திருக்கவே கூடாது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் ஒழுகவிடுவது, மூச்சு விடத் திணறுவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, கழுத்து விறைத்துப்போவது ஆகியவை அவை. அப்போது உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல்போல் படர்ந்திருந்தால் அது தொண்டை அடைப்பான் நோயாகவும் இருக்கலாம். 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் டி.டி. தடுப்பூசி அந்த நோய்க்கும் சேர்த்துத்தான் என்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

தொண்டையிலிருந்து இதயத்துக்கு

சிகிச்சை எடுக்காவிட்டாலும் ஸ்ட்ரெப் தொண்டை வலி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஏமாற்றுவது இந்த இடம்தான். கிருமியை எதிர்க்க நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள், சில பிள்ளைகளின் உடலில் ஆள் மாறாட்டம் செய்துகொள்கின்றன. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் நம் இதயத் திசுவில் உள்ள புரதங்களை ஒத்திருப்பதே காரணம். கிருமியைத் தாக்க வந்த படை மூட்டுகளையும் இதயத்தையும் மூளையின் ஒரு பகுதியையும் தாக்குகிறது. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து இது தொடங்கும். இதற்குப் பெயர் ருமாட்டிக் காய்ச்சல், தமிழில் கீல்வாதக் காய்ச்சல்.

மூட்டு வலி வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் அந்தத் தழும்பு தடிக்கும். வால்வு சுருங்கும் அல்லது மூடாமல் கசியும். பத்து வயதில் தொடங்கியது இருபது வயதுக்கு மேல் படியேறும்போது மூச்சிரைப்பாகத் தெரியவரும். பெண் பிள்ளைகளில் பலருக்கு இது முதன்முதலில் கண்டுபிடிக்கப்படுவது கர்ப்ப காலத்தில். வயிற்றில் குழந்தை வளர வளர இதயத்தின் சுமை கூடும். பழுதான வால்வு அப்போதுதான் தன்னைக் காட்டும். பிளஸ் டூ முடித்துப் போன நம் மாணவிதான் அவள்.

சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். தொண்டை வலி வந்துபோன ஓரிரு வாரங்களில் காலையில் முகம் அதைத்து, சிறுநீர் தேநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

வேலூரில் எண்ணிப் பார்த்த கணக்கு

இது எங்கோ நடப்பதல்ல. பக்கத்து வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கிராமப்புறப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1981-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 5 பேரிடம் ருமாட்டிக் இதய நோய் இருந்தது. அதே கல்லூரியினர் 2001-2002-இல் 2 லட்சத்து 29 ஆயிரத்துக்கும் அதிகமான கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது அது ஆயிரத்துக்கு 0.68 ஆகக் குறைந்திருந்தது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். அந்த விகிதப்படி பத்தாயிரம் பிள்ளைகள் படிக்கும் ஓர் ஒன்றியத்தில் ஏழு பேர். காதுக்குழல் வைத்துக் கேட்டால் புலப்படாத லேசான பாதிப்புகள் 'எக்கோ' கருவியில் பார்க்கும்போது பல மடங்கு கூடுதலாகத் தெரிகின்றன. அந்த ஏழு பேரும் ஏதோ ஒரு வகுப்பில், யாரோ ஓர் ஆசிரியரின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் பத்து நாள்?

இந்த நோய்க்கு விலை மலிவான, பழைய மருந்தே இன்றும் முதன்மையானது. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலினும் அதன் உறவான அமாக்ஸிசிலினும்தான் அவை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்குகிறது. மருத்துவர் வழக்கமாக எழுதித் தருவது பத்து நாள் மாத்திரை. அல்லது நீண்ட நாள் வேலை செய்யும் பென்சாத்தின் பென்சிலின் ஊசி ஒன்று. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. முன்பு ஊசியாலோ மாத்திரையாலோ தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் பெற்றோர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தொண்டை வலி தொடங்கி 9 நாள்களுக்குள் மருந்து ஆரம்பித்தால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஆகவே, 'நான்கு நாள் ஆகிவிட்டதே, இனி எதற்கு?' என்று விட்டுவிடத் தேவையில்லை.

சிக்கல் மூன்றாம் நாளில் வருகிறது. மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளில் காய்ச்சல் விடும், சோறு இறங்கும். மிச்ச மாத்திரை அலமாரிக்குப் போகும். ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "காய்ச்சல்தான் விட்டுப்போச்சே டீச்சர், இன்னும் எதுக்கு மாத்திரை? உடம்பு சூடாயிடும்." நான் சொன்ன பதில் இதுதான்: "இந்த மாத்திரை தொண்டைக்கு மட்டும் இல்லம்மா, இதயத்துக்கும் சேர்த்துத்தான்." அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. பத்து நாளும் கொடுத்தார். அன்றிலிருந்து எல்லாப் பெற்றோரிடமும் இந்த ஒரு வாக்கியத்தையே சொல்லி வருகிறேன்.

உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதும், மஞ்சளும் மிளகும் போட்ட பாலும் தொண்டைக்கு இதமாக இருக்கும், கொடுக்கட்டும். ஆனால் அவை கிருமியை ஒழிக்காது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாம், மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. மருந்துக்கடையில் வாய்வார்த்தையாகச் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போடுவதும், அண்ணனுக்கு வாங்கியதில் மிஞ்சியதைத் தங்கைக்குக் கொடுப்பதும் இரட்டைத் தீங்கு. வைரஸ் என்றால் வீண். ஸ்ட்ரெப் என்றால் அரைகுறை.

தறி வீட்டுப் பிள்ளைகள்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பல வீடுகளில் கூடத்தைத் தறிதான் எடுத்துக்கொண்டிருக்கும். தறி போக மிஞ்சிய இடத்தில்தான் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம். நான்கைந்து பேர் தோளோடு தோள் சேர்ந்து படுக்கும் வீட்டில் ஒருவருக்கு வந்த தொண்டைத் தொற்று அடுத்தவருக்குப் போக அதிக நாள் ஆகாது. ருமாட்டிக் காய்ச்சல் உலகம் முழுவதும் நெருக்கடியான வீடுகளைத் தேடிப் போகும் நோய் என்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. கோர்வைச் சேலை நெய்யும் தறியில் இருவர் உட்கார வேண்டும். ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் மற்றவருக்கும் வேலை இல்லை. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி ஏற்கெனவே நாள்கள் வீணாகியிருக்கும். இந்த நிலையில் உள்ள பெற்றோரை 'அக்கறையில்லாதவர்கள்' என்று சொல்வது நியாயமல்ல. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், அது எத்தனை மணி வரை இயங்குகிறது, சந்தேகத்துக்கு 104-இல் கேட்கலாம் என்ற தகவல்களைக் கொடுப்பது அவர்களுக்கு உண்மையில் உதவும்.

கையெழுத்து கெட்டால் கவனியுங்கள்

ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்காவது அதற்கு முன் தொண்டை வலி வந்த நினைவே இருப்பதில்லை. அதனால் இரண்டாவது வாயிலிலும் நாம் காவல் இருக்க வேண்டும். வகுப்பறையில் தெரியக்கூடிய அடையாளங்கள் மூன்று.

முதலாவது, இடம் மாறும் மூட்டு வலி. இன்று முழங்கால், இரண்டு நாள் கழித்துக் கணுக்கால், பிறகு முழங்கை. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும். 'விளையாட்டில் அடிபட்டது' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, முன்பு ஓடியாடிய பிள்ளை உடற்கல்வி வகுப்பில் சீக்கிரம் களைத்து உட்காருவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்வது.

மூன்றாவது நமக்கே உரியது. 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த ஒரு நடுக்க நோய் இது. 'சிடன்ஹாம் கொரியா' என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கைகால் தானாக வெட்டி வெட்டி அசையும். முகம் சுளிக்கும். பேனா கைநழுவும். அழகாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து சில வாரங்களில் கோணலாகும். காரணமின்றி அழுகையும் கோபமும் வரும். பெண் பிள்ளைகளுக்கே அதிகம். தொற்று வந்து சில மாதம் கழித்துக்கூடத் தோன்றும் என்பதால் யாரும் தொண்டை வலியோடு இணைத்துப் பார்க்க மாட்டார்கள். 'சேட்டை', 'கவனக்குறைவு', 'வேண்டுமென்றே செய்கிறாள்' என்ற பெயர்தான் கிடைக்கும். நோய்க்காக ஒரு பிள்ளை திட்டு வாங்கும் கொடுமை இது.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இந்த மாற்றத்தை முதலில் கண்டவர் தமிழாசிரியை. ஆடி மாதக் கட்டுரை நோட்டையும் கார்த்திகை மாதக் கட்டுரை நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு பேர் எழுதியதுபோல் இருந்தது. வீட்டில் தார் சுற்றும்போது நூலைத் தவறவிடுகிறாள் என்று அம்மாவும் சொன்னார். பள்ளிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் இரண்டு நோட்டுகளையும் காட்டினோம். மருத்துவர் நெஞ்சில் காதுக்குழல் வைத்துக் கேட்டுவிட்டு மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். எக்கோவில் வால்வில் லேசான கசிவு தெரிந்தது. நடுக்கம் சில மாதங்களில் அடங்கிவிட்டது. வால்வு மேலும் கெடாமல் இருக்க அவள் இப்போது 21 நாளுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறாள்.

2013-இல் தொடங்கப்பட்ட அந்தத் தேசியத் திட்டத்தின் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் உண்டு. குழு வருடத்துக்கு ஒருமுறை வரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். நாம் முன்கூட்டியே ஒரு பட்டியல் தயாரித்து, 'இந்த ஐந்து பேரைச் சற்றுக் கூடுதலாகப் பாருங்கள்' என்று கொடுத்தால் அந்த நிமிடங்கள் சரியான இடத்தில் செலவாகும்.

பரவாமல் தடுக்க

1940-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் விமானப்படைத் தளத்தில் இளம் வீரர்களிடையே ஸ்ட்ரெப் தொற்று பரவியபோது மருத்துவர்கள் நீண்ட ஆய்வு நடத்தினார்கள். பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் பெருமளவு குறைகிறது என்பது அங்கேதான் நிலைநாட்டப்பட்டது. போர்வைத் தூசியால் நோய் பரவவில்லை, படுக்கைகளுக்கு இடையே தூரம் குறையக் குறையத்தான் தொற்று கூடியது என்பதும் அங்கே தெரியவந்தது. வகுப்பறைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை:

• தொண்டை வலியும் காய்ச்சலும் உள்ள பிள்ளையை அன்று வீட்டுக்கு அனுப்பலாம். ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் கடந்து, காய்ச்சலும் விட்டிருந்தால் வகுப்புக்கு வரலாம். பத்து நாளும் விடுப்பு தேவையில்லை.
• ஒரு பெஞ்சில் ஐந்து பேரை நெருக்காமல், இடம் உள்ள வரை பரவலாக உட்கார வைக்கலாம். மழை நாளிலும் ஒரு பக்கச் சன்னலாவது திறந்திருக்கட்டும்.
• தண்ணீர் பாட்டிலும் டம்ளரும் அவரவருக்கு. இருமினால் முழங்கை மடிப்பில். சத்துணவுக்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவுதல்.
• நோயில்லாமலேயே சில பிள்ளைகளின் தொண்டையில் இந்தக் கிருமி குடியிருக்கும். அவர்களால் பரவுவது குறைவு. பெரும்பாலும் சிகிச்சையும் தேவைப்படாது. ஆகவே யாரையும் 'நீதான் பரப்பினாய்' என்று ஒதுக்கிவைக்க இடம் கொடுக்கக் கூடாது.

இந்த நோய்க்குத் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. எனவே பழக்கமும் முழுச் சிகிச்சையும்தான் நம் கையில் இருப்பவை.

பாடத்தோடு சேர்த்து நடத்த

எட்டாம் வகுப்பு அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடம் வரும்போது நான் செய்யும் மூன்று செயல்பாடுகளைப் பகிர்கிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் மற்ற வகுப்புகளுக்கும் பொருந்தும்.

1. தெளிப்பான் சோதனை: முடிதிருத்தகத்தில் பயன்படுத்தும் தண்ணீர்த் தெளிப்பானில் நீல மை கலந்த நீர். சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் ஓரடி, மூன்றடி, ஆறடி தூரத்திலிருந்து ஒவ்வொரு முறை அழுத்தச் சொல்லுங்கள். புள்ளிகளை எண்ணி அட்டவணை போட்டதும், தூரம் ஏன் முக்கியம் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

2. இரட்டிப்புக் கணக்கு: மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதால் 10 பாக்டீரியா தப்பின என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் 24 மணி நேரத்தில் எத்தனை? விடை 16 கோடியே 77 லட்சத்து 72 ஆயிரத்து 160. உடலின் எதிர்ப்பாற்றல் இப்படிப் பெருக விடாது, இது அடுக்குக்குறிக் கணக்கு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'பாதியில் நிறுத்தக் கூடாது' என்பதை அதற்குப் பிறகு மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

3. பத்துக் கட்டம்: மருத்துவர் பத்து நாள் மருந்து எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு ஒரு சிறு அட்டையில் பத்துக் கட்டம் போட்டுக் கொடுக்கிறேன். மாத்திரை போட்ட ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். காலை வருகைப் பதிவின்போது அட்டையைப் பார்த்துத் திருப்பித் தர அரை நிமிடம் ஆகும். வியாழக்கிழமைகளில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. இங்கே மாத்திரையை நாம் கொடுப்பதில்லை, எண்ணுகிறோம், அவ்வளவுதான்.

ஊசி நாள்

ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு அது திரும்ப வராமல் காப்பதுதான் அடுத்த பொறுப்பு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதலின்படி, இதயம் பாதிக்கப்படாதவர்கள் குறைந்தது 5 ஆண்டு அல்லது 18 வயது வரை, இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதுவரை 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும். லேசாகப் பாதிக்கப்பட்டுச் சரியானவர்களுக்கு 10 ஆண்டு அல்லது 25 வயது வரை. கடுமையான பாதிப்பு என்றால் அதற்கும் மேல். வால்வு மிகவும் பழுதானால் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது 21 நாளுக்கு ஒரு ஊசி.

வலிக்கும் ஊசி. உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாதபோது வருடக்கணக்கில் போட்டுக்கொள்வது எந்தப் பிள்ளைக்கும் கடினம். தேர்வு நாளில் ஊசி வந்தால் தேர்வுதான் முதலில் என்று பெற்றோர் நினைப்பார்கள். ஊசி நாளன்று முதல் இரண்டு பாடவேளைக்கு அனுமதி, அந்தப் பாடங்களை மறுநாள் திரும்பச் சொல்லித்தர ஒரு தோழி, தேர்வு என்றால் ஊசியை ஓரிரு நாள் முன்னதாகப் போட முடியுமா என்று மருத்துவரைக் கேட்டுவர ஒரு நினைவூட்டல்: எங்கள் பள்ளியில் இவ்வளவுதான் செய்கிறோம். நோயின் பெயரை வகுப்பில் சொல்வதில்லை. வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் அறிந்தால் போதும். பிள்ளை வகுப்பு மாறும்போதும் பள்ளி மாறும்போதும் அடுத்த ஆசிரியருக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும், அதுவும் பெற்றோரின் சம்மதத்தோடு.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய வகுப்பாசிரியர் பதிவேட்டின் உள்ளட்டையில் பென்சிலால் தேதிகளை எழுதி வைத்திருக்கிறார். ஊசி போட்டு வந்ததும் ஒரு தேதியை அடித்துவிட்டு, 21 நாள் கூட்டி அடுத்த தேதியை எழுதுகிறார். இதுவரை ஒரு தேதியும் தவறவில்லை.